சுருட்டை என்று யாரும் சொல்லவில்லை

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் ஸ்கூடாயில் ஒரு முடி அலங்காரக் கடையில், தர்ஷினி என்கிற பெண் என்னை ஒரு கேள்வி கேட்டாள். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடியை நேராக்கிக்கொள்ளும் பழைய கடையை, அதன் முதலாளியம்மா மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். வேறு வழியில்லாமல்தான் தர்ஷினியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ரீபாண்டிங் செய்ய வேண்டும் என்றேன். அவளுக்கு இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். முடியை நாலு இடத்தில் பிரித்துப் பார்த்தாள். நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அது கையோடு வந்தது.

"முடி உடையுதுலா ஆன்ட்டி. இதுக்கு மேல மருந்து போட்டா கொட்டிடும்," என்றாள். பிறகு, காப்பிக்குச் சீனி போடலாமா என்று கேட்பதைப் போல, "உங்க முடி நெஜமா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அடையாள அட்டையின் ஐ.சி. எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் இரத்த வகை தெரியும். வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். காலையில் எந்த நிமிடத்தில் கிளம்பினால் ஸ்கூடாய் நெரிசலில் மாட்டாமல் வேலைக்குப் போகலாம் என்பதும் தெரியும். என் தலையில் முளைப்பது என்ன என்று மட்டும் தெரியவில்லை.

நான் விழிப்பதைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வரிசையாகப் பெண்களின் பின்தலைகள். ஒன்றாம் எண் நேர்முடி. இரண்டு அலை. மூன்று சுருள். நாலு, நெருக்கி நெருக்கிச் சுற்றிய சின்னச் சுருள். ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஏ, பி, சி என்று பிரிவு வேறு. இதில் உங்களுடையது எது என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்.

"பரட்டை."

"அப்படி ஒரு டைப் இல்ல ஆன்ட்டி," என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. படத்தில் இல்லை, அதனால் இல்லை என்றாள், அவ்வளவுதான். எனக்குத்தான் உச்சந்தலைவரை கோபம் ஏறியது. அப்படி ஒரு வகையே இல்லையாம்! அம்மா சொன்னாள், மூன்றாம் வகுப்பு டீச்சர் சொன்னார், கல்யாணத்தில் அலங்காரம் செய்ய வந்த அக்காகூட வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். உலகத்திலேயே இல்லாத ஒரு வகையைச் சொல்லி என்னை இத்தனை வருடம் திட்டியிருக்கிறார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றாள் தர்ஷினி. ஒரு வருடம் எதுவும் செய்யக்கூடாது. மருந்து கூடாது, சூடு கூடாது. வேரிலிருந்து புதுமுடி கையகலத்துக்கு வளர்ந்த பிறகு, பழைய நேர்முடியை வெட்டிவிடுவாள். பிறகு கழுவி, சீப்பு போடாமல், துண்டால் தேய்க்காமல், எண்ணெய் வைக்காமல், தானாகக் காய விட வேண்டும். காய்ந்த பிறகு என்ன வடிவத்தில் நிற்கிறதோ அதுதான் நம் முடி. "சின்ன வயசு போட்டோ இருந்தா கொண்டு வாங்க. இப்பவே ஓரளவு சொல்லிடலாம்," என்றாள்.

கேட்கிறவர்களுக்கு எளிதாகத்தான் இருக்கும். சீப்பு போடாமல், எண்ணெய் வைக்காமல் என்று அவள் சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, என் தலை அப்படி ஒரு நாள்கூடக் காய்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் படங்களைத் தேடினேன். பெரிய ஆல்பம் ஒன்று, பிஸ்கட் தகரத்தில் உதிரிப் படங்கள். தகரத்தைத் திறந்ததும் ஒரு மக்கிய வாசம் வந்தது. அந்த வாசம் எனக்கு நன்றாகத் தெரியும். ஈரத்தோடு பின்னிய ஜடையின் வாசம் அதுதான். காலையில் தலையை நனைத்து, தேங்காய் எண்ணெயைக் கொட்டி, பச்சை நிறப் பிளாஸ்டிக் சீப்பால் மண்டையோடு சேர்த்து இழுத்து, இரட்டை ஜடை போட்டு, கறுப்பு நாடாவால் மடித்துக் கட்டி அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். பின்னலுக்குள் அந்த ஈரம் சாயங்காலம்வரை காயாது. பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மதியத்துக்குமேல் காதோரத்தில் நாலு முடி நாடாவை மீறிக் கிளம்பிவிடும். அதைப் பார்த்துத்தான் எனக்கு 'மீ கோரிங்', அதாவது பொரித்த நூடுல்ஸ், என்று பெயர் வைத்தார்கள். ஆறாம் வகுப்புவரை அந்தப் பெயர்தான். பொரித்த மீயை இன்றைக்கும் நான் வெளியே வாங்கிச் சாப்பிடுவதில்லை. வீட்டில் செய்வேன், அது வேறு.

தகரத்தில் மேலாகக் கிடந்தது ஐ.சி.க்காக எடுத்த படம். பன்னிரண்டு வயது. சிம்பாங் ரெங்கம் பட்டணத்தில் ஒரு சீனர் வைத்திருந்த படக்கடை. கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் ஒரு சீப்பு கட்டித் தொங்கும், பக்கத்தில் தண்ணீர் அடிக்கும் குப்பி. அவர் என்னைப் பார்த்ததும், "ரம்புட் காசி கெமாஸ் டூலு, அடெக்," என்றார். முடியை முதலில் ஒழுங்கு பண்ணு தங்கச்சி என்கிறார். எனக்கு முன்னால் வந்த பிள்ளைகள் எவருக்கும் அந்தக் குப்பியை அவர் கையில் எடுக்கவில்லை. எனக்கு மட்டும் செடிக்கு அடிப்பதைப் போல அடித்தார். படத்தில் நான் குளத்திலிருந்து தூக்கிப் போட்ட ஆள் மாதிரி இருக்கிறேன். அந்தப் படத்தோடு எத்தனை வருடம் அரசாங்க அலுவலகங்களில் ஏறி இறங்கியிருப்பேன்!

அடுத்தது, வேலைக்குப் போன புதிதில் எடுத்த படம். ஜொகூர் பாருவில் பயணச் சீட்டு விற்கும் ஒரு நிறுவனத்தின் முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வயது. முடி தகடு மாதிரி தொங்குகிறது. அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் சூப்பர்வைசர் அழைத்துப் பேசினார். அவரும் தமிழ்ப் பெண்தான். கதவைச் சாத்திவிட்டு, என்மேல் அக்கறையோடுதான் சொன்னார்.

"முன்னுக்கு உக்கார்றீங்க. கொஞ்சம் நீட்டா வாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நகம் வெட்டியிருந்தது. காலணி பளபளத்தது. பிறகு எது நீட்டாக இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நீட் என்றால் நேர். அலையாமல், சுருளாமல், யார் கண்ணையும் உறுத்தாமல் கிடப்பதற்குப் பெயர் நீட். அந்த வாரமே முதல் மாதச் சம்பளத்தோடு ஒரு பிளாசாவின் மூன்றாவது மாடிக்குப் போனேன்.

ரீபாண்டிங் அப்போதுதான் ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழும்போது கடைகள் விளக்குப் போட்டிருக்கும். அந்த மருந்தின் நாற்றத்தை எப்படிச் சொல்வது, கெட்ட முட்டையையும் கழிப்பறை கழுவும் திரவத்தையும் கலந்து தலையில் பூசிய மாதிரி. கண் எரியும். காதின் மேல்பக்கம் வெந்துபோகும். முடிந்ததும் மூன்று நாள் தலையை நனைக்கக்கூடாது, கட்டக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கவும் கூடாது. மல்லாந்து படுத்து அசையாமல் தூங்க வேண்டும்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், சரியாகத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் செய்துகொண்டேன். புது முடியோடு வீட்டில் போய் நிற்க வேண்டும் என்று ஆசை. தீபாவளி விடியலில் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். தொடக்கூடாது, மூன்று நாள் ஆகவில்லை என்று கெஞ்சினேன். நல்ல நாளும் அதுவுமாகத் தலையில் எண்ணெய் வைக்காமல் இருப்பதாவது என்று, நான் திரும்புவதற்குள் உச்சியில் மூன்று சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டாள். சடங்கு முடிந்தது. என் ஒரு மாதச் சம்பளத்தின் உச்சியில் ஓர் உள்ளங்கை அளவுக்கு அலை எழும்பி நின்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு முறுக்குத் தின்றார்கள்.

அப்பா மட்டும் அன்று சுற்றிவந்து முழுத் தலையையும் பார்த்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "யாரு வீட்டுப் புள்ளையோ மாதிரி இருக்கே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணப் படத்தில் இருப்பது பாதி சவுரி. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆக, தகரம் முழுவதும் தேடியும் எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிக்காத, மருந்து போடாத என் முடி ஒரு படத்திலும் இல்லை. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதில் முடியே இல்லை.

ஒன்பது வயதில் மொட்டை போட்ட படம். தைப்பூசத்தன்று கோயில் வாசலில் எடுத்தது. தலையில் சந்தனம், கழுத்தில் மஞ்சள் துணி, முகத்தில் இருக்கும் பெருமையைச் சொல்லி மாளாது. அந்தப் படத்தை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நானே எடுத்துக் காட்டுவேன். ஏனென்றால் அது அப்பாவுக்காகப் போட்ட மொட்டை.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே, பட்டணத்திலிருந்து அரைமணி நேரம் செம்மண் ரோட்டில் போக வேண்டும். ஒரு மழைநாளில் டிராக்டர் சரிவில் புரண்டு அவர் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் இரும்புக் கம்பி வைத்தார்கள். திரும்ப நடப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அப்போதுதான் அம்மா என்னை உட்கார வைத்து, அப்பா காலுக்காக உன் முடியை முருகனுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், தருவாயா என்று கேட்டாள். அதுவரை என் முடியை யாரும் எதற்கும் கேட்டதில்லை. உடனே சரி என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் வரிசையாக நாவிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் வாளித் தண்ணீரை ஊற்றி, கத்தியை வைத்து முன்னிருந்து பின்னுக்கு ஓர் இழுப்பு. மடியில் என் முடி ஈரமாக விழுந்தது. அதைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் தள்ளினார்கள். நான் அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தலையில் துணி கட்டிப்போனேன். கிண்டல் செய்ய வந்தவர்களிடம், இது எங்கள் அப்பா காலுக்கு என்று துணியை அவிழ்த்தே காட்டினேன். டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னார். ஒரு மாதம் நான் சின்னச் சாமியார் மாதிரி நடந்துகொண்டேன். பென்சில் திருடிய பிள்ளைக்கெல்லாம் புத்தி சொன்னேன்.

அப்பா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தினமும் சாயங்காலம் போய் உட்காருவேன். அவர் என் வழித்த தலையில் கையை வைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். "என் மவ எனக்காக முடி குடுத்தா." கால் சேர்ந்தது. சற்றுச் சாய்ந்து நடந்தாலும் நடந்தார். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் அதையே சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்புகூட, ஊசி போட வந்த நர்சிடம் அரைகுறை மலாயில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் முடி சம்பந்தப்பட்ட வரலாற்றில் நான் தலைநிமிர்ந்த இடம் அது ஒன்றுதான்.

படம் கிடைக்காது என்று ஆன பிறகு அம்மாவிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. அம்மா இப்போது சிம்பாங் ரெங்கத்திலேயே தம்பியின் வீட்டில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் காரை விட்டுக்கொண்டு போனேன். புதுமுடி அப்போது இரண்டு விரல்கடை வளர்ந்திருந்தது. மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியுமாக இரண்டு பேர் தலையை ஒட்டவைத்த கோலம். அதைப் பார்த்ததும், "என்ன இது, காசில்லையா?" என்றாள் அம்மா. அவள் சமையலறை மேசையில் தாள் விரித்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினேன்.

சின்ன வயதில் என் முடி எப்படி இருந்தது என்று கேட்டேன். எப்படி இருக்கும், பரட்டையாகத்தான் இருந்தது என்றாள். மொட்டை போடுவதற்கு முன்னால் என்றேன்.

"அப்பவும் அதேதான். அதுக்குத்தானே மொட்டையே போட்டது."

சொல்லிவிட்டு இன்னொரு நெத்திலியை எடுத்தாள். நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

"அப்பா காலுக்குன்னு சொன்ன?"

"சொன்னேன். நேரா வரட்டும்னுதான் போட்டேன். உங்கப்பா விடுவாரா? உன் முடின்னா அவருக்கு உசிரு. காலுக்கு வேண்டிக்கிட்டேன்னு சொன்னாத்தான் வாயத் தொறக்க மாட்டாரு."

அம்மா இதை ஏதோ வீட்டுச் சாமான் வாங்கிய கதை மாதிரி சொன்னாள். பிறகு நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசை. அதற்குள் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, போய் நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைய வேலை இல்லை. என் தலையில் சிக்கெடுக்கவே முக்கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அப்படி வாரி அனுப்பியும், பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அடியோடு வழித்துவிட்டால் அடுத்தது நேராக வளரும் என்று லயத்தில், எங்கள் தோட்டக் குடியிருப்பு வரிசையில், எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வயதிலும் மூன்று வயதிலும் போட்ட மொட்டைகளுக்கும் அதே நோக்கம்தானாம். ஒன்பது வயதில் போட்டது கடைசி முயற்சி.

"சாமிகிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட பொய் சொல்வாங்களா? நேரா வரணும்னுதான் கேட்டேன். காலுக்குத் தனியா ஒரு தேங்கா ஒடச்சேன்."

ஒரு தேங்காய்! அப்பா காலுக்கு ஒரு தேங்காய். முருகனுக்கு உண்மை தெரியும், அம்மாவுக்குத் தெரியும், லயத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது அப்பாவுக்கும் எனக்கும்தான். நாங்கள் இரண்டு பேரும் முப்பது வருடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறோம். அவர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். நான் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு என் முடி பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாதே என்றேன். அம்மாவுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரட்டு கிடையாது, தலைக்கு ஊற்றிவிட்டு வாராமல் அப்படியே விடுவாளாம். அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு முடியை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி விடுவாராம். விட்டதும் அது திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்காருமாம். உனக்கு ஞாபகம் இல்லையா என்று கேட்டாள்.

இல்லை. எவ்வளவு முட்டிமோதிப் பார்த்தும் இல்லை. வழித்த தலையில் அவர் கை இருந்தது ஞாபகம் இருக்கிறது. முடியில் அவர் விரல் இருந்தது ஞாபகம் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். அவரை ஏமாற்றினாய், என்னை ஏமாற்றினாய், அவருக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு அவரையே நன்றி சொல்ல வைத்தாய் என்றேன். அம்மா வாதாடவில்லை. கிள்ளிய நெத்திலியைக் கழுவப் போட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஆறு மணிக்குப் பெரட்டுல நீ நின்னிருந்தா பேசு."

நான் சாப்பிடாமல் கிளம்பினேன். வழியெல்லாம் காருக்குள் தனியாகக் கத்தினேன். அம்மாவைத் திட்டினேன், டீச்சரைத் திட்டினேன், அந்தப் பெரட்டு மணியைத் திட்டினேன். விடியுமுன் பெண்களை வரிசையில் நிறுத்துகிற இடத்தில் பிள்ளையின் தலைமுடிக்கு நேரம் எங்கே இருக்கும்? எல்லாம் புரிகிறது. புரிகிறது என்பதற்காகக் கோபம் போய்விட வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? மூன்று வாரம் அம்மாவுக்கு அழைக்கவில்லை. நாலாவது வாரம் தம்பி அழைத்து, அம்மா உனக்கென்று நெத்திலிச் சம்பால் செய்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார், யாரையும் தொடவிடவில்லை என்றான். போய் எடுத்து வந்தேன். இரண்டு பேரும் முடியைப் பற்றிப் பேசவில்லை.

போன மாதம் தர்ஷினியின் கடைக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் கல்லூரி மாணவி ஒருத்திக்கு ரீபாண்டிங் நடந்துகொண்டிருந்தது. அதே மருந்து. இப்போது அதில் ஏதோ பழ வாசனை சேர்த்திருக்கிறார்கள், அடியில் பழைய நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பெண் அகல விரிந்த கண்களோடு தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. நான் யார் சொல்ல? இருபத்துமூன்று வருடம் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவள்.

தர்ஷினி பழைய நேர்முடியை வெட்டினாள். அது தரையில் குச்சி குச்சியாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை. தலையைக் கழுவி, துண்டால் லேசாக ஒற்றிவிட்டு, சன்னலோரமாக உட்கார வைத்தாள். தொடாதீங்க என்றாள். கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆனது. காயக் காய ஒவ்வொன்றாக மேலே இழுத்துக்கொண்டு சுருண்டது. நெற்றியோரத்தில் சின்னதாக, பின்னால் கொஞ்சம் பெரிதாக. பஞ்சு மாதிரி கிளம்பும் என்று நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. யாரும் வாரிக் கலைக்காததால் அதுபாட்டுக்கு ஒழுங்காக இருந்தது. ஒழுங்கு, ஆமாம். முதல் ஐ.சி. படம் எடுத்த அந்தச் சீனரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

தர்ஷினி ஒரு சுருளை எடுத்துத் தன் ஆள்காட்டி விரலில் கோத்துப் பார்த்தாள். "விரல் சைஸ்ல இருக்கு. த்ரீ பி," என்றாள். விட்டாள். அது திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

கண்ணாடியில் நன்றாகப் பார்த்தேன். வருடக்கணக்காக மருந்தோடு சேர்த்துச் சாயமும் பூசி வந்ததில் மறைந்திருந்து, வேரில் எட்டிப் பார்த்தபோதும் நான் கண்டுகொள்ளாத ஒன்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. நெற்றியிலிருந்து காதுவரை வெள்ளை. உச்சியிலும் பாதிக்குமேல் வெள்ளை. சாயம் போடலாமே என்றாள் தர்ஷினி. இன்னொரு மருந்தா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அலமாக்," என்றார், அடேயப்பா என்பதைப் போல. அதோடு நிறுத்திக்கொண்டார். அவரும் கெட்டிக்காரர்தான்.

அன்று சாயங்காலம் ஒரு படம் எடுத்தேன். எண்ணெய் இல்லாமல், தண்ணீர் அடிக்காமல், மருந்து போடாமல் என் முடி இருக்கும் முதல் படம். ஒரு வார்த்தையும் எழுதாமல் அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு எழுத வராது, குரல்தான் அனுப்புவாள். இரவு வந்தது. பின்னால் தம்பி வீட்டுத் தொலைக்காட்சி சத்தம்.

"அப்படியேதான் இருந்துச்சு. அப்ப கறுப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்."

அதை நாலைந்து முறை போட்டுக் கேட்டேன். அந்தத் தோட்டத்தில் இப்போது எங்கள் லயம் இல்லை. இருந்த இடத்தில் வரிசையாகச் செம்பனைதான் நிற்கிறது. பெரட்டு மணி இல்லை. படக்கடை இல்லை, அங்கே கைப்பேசி விற்கிறார்கள். இவை போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கோயிலுக்குப் பின்னால் சாக்கில் கூட்டித் தள்ளினார்களே, அந்த முடிக்குத்தான் வயிறு எரிகிறது. வகை தெரிந்துவிட்டது, எழுத்தும் எண்ணும் தெரிந்துவிட்டது. ஆனால் கறுப்பில் அது எப்படி இருந்தது என்று நான் பார்க்கப்போவதில்லை. பார்த்து ரசித்தவர் ஒருவர், அவர் போய்விட்டார். மிச்சம் இருப்பவள், அதை வழிக்கச் சொன்னவள்.